நாற்பதா, முப்பத்தாறா

எர்மேத்தே கொண்டுவந்தது மூன்று புகைப்படங்கள்.
இரண்டில் வண்டி ஓடுகிறது,
ஆகவே சக்கரம் இல்லை,
சாம்பல் நிறத்தில் ஒரு வட்டப் புகை.
மூன்றாவதில் வண்டி கிடக்கிறது
ஃபானோ சாலையோரம், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே,
முன்சக்கரம் அப்பளமாய் நெளிந்து.
அதில்தான் எண்ண முடிந்தது.

பூதக்கண்ணாடி வைத்து நான் எண்ணினேன்: நாற்பது.
அவர் எண்ணினார்: முப்பத்தாறு.
என் தங்கை ஓர்நெல்லா
மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்து
முப்பத்தேழு என்றாள்.
முப்பத்தேழு ஸ்போக்ஸில் உலகத்தில் சக்கரம் கிடையாது என்றேன்.
படத்தில் இருக்கிறதே என்றாள்.
மறுநாள்தான் தெரிந்தது,
முப்பத்தேழாவது ஒரு வைக்கோல்.

குடம் அங்கோனாவிலிருந்து வந்தது.
மக்னீசியம். அந்தக் காலத்து வார்ப்பு.
இரண்டாயிரத்து நானூறு யூரோ.
முப்பத்தாறு துளை. அவர் வென்றார்.
கையில் எடுத்தால்
கழுவிக் கவிழ்த்த பால்செம்பின் கனம்தான்.

சிவப்புச் சாயம் பூசினேன்.
துடைத்தேன்.
வெள்ளைப் பொடி தூவிவிட்டுக் காத்திருந்தோம்.
காப்பி ஆறுவதற்குள்
ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு
மயிரிழையாய் ஊறி வந்தது சிவப்பு.

நீங்கள் பல் மருத்துவர், நான் சொன்னேன்,
எக்ஸ்ரேயில் இப்படி ஒன்றைப் பார்த்தால்
நோயாளியிடம் என்ன சொல்வீர்கள்?

ஜன்னல் பக்கம் போய் நின்றார்.
பெசாரோத் துறைமுகத்தில் யாரோ படகுக்கு வண்ணம் அடிப்பதை
வெகுநேரம் பார்த்தார்.
"நீவெஸ், கண்காட்சிக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால்?"
தள்ளினால் கிளம்புகிற வண்டி, சாவிகூட இல்லை.
கண்காட்சிக்கு மட்டும் என்று
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

அலுமினியத்தில் புதுக் குடம் வார்க்கச் சொன்னோம்.
முந்நூற்றெண்பது கிராம் அதிகம்.
கடுந்தேநீர் நிறத்தில் ஒரு பூச்சு,
பார்க்கிறவர் மக்னீசியம் என்று நினைக்க.
பொய்தான்.
பிரேக் பிடிக்கிற பொய்.

டயர் விஷயத்தில் நான் வளையவேயில்லை.
அவர் தேடிப் பிடித்த பழைய டயர்
காகிதச் சுற்றுக் கலையாமல் கன்னியாய் இருந்தது.
நகத்தால் அழுத்தினேன், நகம் ஒடிந்தது.
பிறந்த வாரமும் ஆண்டும்
பக்கவாட்டில் குத்தும் வழக்கம்
வருவதற்கு முன்பே பிறந்தது அது.
வேண்டாம்.
நீளவரிப் பள்ளம் ஓடும் அதே முகத்தோடு
இந்த வருஷத்து ரப்பர் கிடைக்கிறது.

முன்னால் பத்தொன்பது அங்குலம், பின்னால் பதினெட்டு.
ஏன் ஒன்றுபோல் இல்லை, தப்பாக எண்ணிவிட்டோமா
என்று இரவு பதினொரு மணிக்கு ஃபோன் செய்தார்.
இல்லை.
அன்று அதைக் கட்டியவர்
கையில் அகப்பட்டதை மாட்டியிருக்கிறார்.
நாம்தான் அதை ஏழு மாதமாய்
நாடு நாடாகத் தேடுகிறோம்.

கோத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
ஒவ்வொரு ஸ்போக்கும் மூன்றைக் கடந்து ரிம்மைத் தொடும்.
சாவியால் தட்டித் தட்டிக் கேட்டேன்,
பதினொன்றாவது மட்டும்
சளி பிடித்தவன் குரலில் பேசியது.
கால் திருப்பு.
இன்னும் அரைக்கால்.
பிறகு அதுவும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

சான் பார்தோலோ மலைச்சாலையில் ஒரு சுற்று போய்
நாற்பது நிமிடத்தில் திரும்பினார்.
கார்புரேட்டர் இருமுகிறது என்றார்,
சீட் முதுகெலும்பை எண்ணுகிறது என்றார்,
கிளட்ச் கேபிளைத் திட்டினார்.
சக்கரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
அந்த சந்தோஷத்தில்
பில்லில் ஐம்பது யூரோ குறைத்தேன்,
அதையும் அவர் கவனிக்கவில்லை.

அங்கோனாக் குடம் இப்போது என் மேசைமேல்,
உள்ளே பேனாக்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர்.
வரும்போதெல்லாம் எர்மேத்தே
பேனா எடுக்கிற சாக்கில்
சிவப்பு இழை சுவரைப் பார்க்கும்படி
மெல்லத் திருப்பி வைக்கிறார்.
அவர் போனதும்
நான் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.