பின்வாசல்

எங்கள் வீட்டுக்கு முன்கதவு ஒன்று உண்டு.
பாதிரியாருக்கும் பிணத்துக்கும் மட்டும் திறக்கும்.
மற்றதெல்லாம் பின்வாசல் வழிதான்:
பால் வாளி, தபால்காரர்,
நாய், நாயின் நனைந்த வயிறு,
ஃபிந்தன், ஃபிந்தனின் பூட்ஸ்.

லீட்ரிமில் மழை பெய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை,
இன்றைக்கு எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் கேட்போம்.

கல்யாணமான முதல் குளிர்காலம்
தேங்காய் நார் மிதியடி ஒன்று வாங்கினேன்,
ஸ்லைகோ கடையில், பன்னிரண்டு பவுண்டு.
இரண்டே வாரத்தில் அதில் புல் முளைத்தது.
அடுத்த குளிருக்குப் பழைய செய்தித்தாள்.
மந்திரிகள் முகமெல்லாம் களிமண்.
அதற்குக்கூட நான் சந்தோஷப்படவில்லை,
பெருக்குகிறவள் நான்தானே.
அப்புறம் முற்றத்தில் சரளை, மூன்று லோடு.
முதல் லோடை மாடுகள் மிதித்தே புதைத்தன.
இரண்டாவது எங்கே போயிற்று, தெரியாது.
மூன்றாவது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது,
பூமியின் மறுபக்கத்துக்கு.

கடைசியில் சட்டம் போட்டேன்.
பூட்ஸைக் கழற்றாமல் ஒருவரும் படி தாண்டக் கூடாது.
கன்றுக்கு ஊசி போட வந்த டாக்டர்
கிழிந்த காலுறையில் பெருவிரல் எட்டிப்பார்க்க
அடுப்போரம் நின்று பில் எழுதினார்.
ஒரு பென்னி குறைக்கவில்லை.

இத்தனை சேறு எங்கிருந்து வருகிறதென்று
எனக்குத் தெரியாதா?
மேட்டு வயல் மலாக்கியுடையது, என் கணவனின் அண்ணன்.
அவன் எல்லைக்குள், வேலியை ஒட்டி,
எட்டடி வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது.
அவன் தூர் வாரமாட்டான்.
இவன் கேட்கமாட்டான்.
ஒன்பது வருஷம் முன்னால் ஓர் ஏலத்தில்
அண்ணன் ஆசைப்பட்ட காளைக்கு
தம்பி பத்து பவுண்டு கூட்டிக் கேட்டான்.
காளை செத்தே ஆறு வருஷமாகிறது.

பேச்சு நின்ற இடத்தில் தண்ணீரும் நின்றது.
தண்ணீருக்கு ரோஷம் கிடையாது.
வேறு வழி பார்த்துக்கொண்டு
என் சமையலறைக்கு வந்துவிட்டது.
தினமும் முழங்காலிட்டு
வாளி வாளியாக நான் பிழிந்து கொட்டுவது
அந்த இரண்டு பேரின் சண்டையை.

பிப்ரவரி, ஒரு வியாழக்கிழமை ராத்திரி,
துடைத்த தரை காய்வதற்குள்
நாய் மட்டும் நாலு தடவை வந்து போயிற்று.
மண்வெட்டியை எடுத்தேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வேலிக்கடியில் நுழைந்தேன்.
கோரை வேர், உர மூட்டை,
பொம்மை டிராக்டரின் சிவப்புச் சக்கரம் ஒன்று.
அண்ணனுடையதா தம்பியுடையதா,
சக்கரத்துக்கு நினைவில்லை.

நாலடி வெட்டியிருப்பேன்.
மேட்டில் ஒரு ஜன்னலில் வெளிச்சம்.
திரை விலகிற்று. விலகியபடியே நின்றது.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
கதவு திறக்கவில்லை.
முற்றத்துப் பெரிய விளக்கு எரிந்தது,
கன்று ஈனும் இரவுகளில் மட்டும் எரிகிற விளக்கு.
நான் டார்ச்சை அணைத்துப் பாக்கெட்டில் போட்டேன்.
மீதி நாலடியை அந்த வெளிச்சத்தில் வெட்டினேன்.

முதலில் ஓர் ஏப்பம்.
அப்புறம் கிழவன் இருமல்.
அப்புறம் ஓட்டம், கருப்பாக, அவசரமாக,
எங்கள் வீட்டை மறந்து ஆற்றுப் பக்கம்.

திரும்பி வந்தேன்.
இடுப்பு வரை சேறு, காதுக்குள் சேறு,
நாக்கில்கூட அதன் இரும்புச் சுவை.
பின்வாசலில் ஃபிந்தன்,
பைஜாமாவோடு, கதவைப் பாதி திறந்து.
என்னைப் பார்த்தான்.
தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டான்.
மேட்டில் இன்னும் எரியும் விளக்கை
ரொம்ப நேரம் பார்த்தான்.
ஒன்பது வருஷமும் தொண்டை வரை வந்திருக்க வேண்டும்,
விழுங்கிக்கொண்டான்.

"பூட்ஸை வெளியே விட்டுட்டு வா, அட்ராக்டா."

குனிந்தேன்.
ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.
மற்றது மேலே வாய்க்காலில் மாட்டிக்கொண்டிருக்கிறது,
மலாக்கியின் எல்லைக்குள்.

காலையில் யாராவது போய்
அவனிடம் கேட்டு வாங்கவேண்டும்.
நான் போவதாயில்லை.