ஒன்றரைப் பக்கம் உப்பு

சுமேரியாவை எண்பது ரூபாய்க்கு வாங்கினேன்
டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில்.
அட்டையில் செங்கல் கோபுரம்.
உள்ளே யாருக்கோ யாரோ எழுதிய
பிறந்தநாள் வாழ்த்து.

எழுதியவர் சரளமானவர்.
திருமங்கலம் பேருந்தில் நின்றுகொண்டே
இரண்டு வம்சங்களை முடித்துவிடலாம்.
அரசர்களுக்கு ஒன்பது அத்தியாயம்,
அவர்கள் தாடிக்கே நாலு படம்.
உப்புக்கு ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்தில்
இறங்கும் இடத்தை விட்டுவிட்டேன்.

வாய்க்கால் வெட்டினார்கள். பாய்ச்சினார்கள்.
வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு
உப்பை விட்டுப்போனது.
கோதுமை சுணங்கியது, பார்லிக்கு மாறினார்கள்.
பிறகு பார்லியும் சுணங்கியது.
எந்தெந்த வயலில் உப்பு என்று
ஈரக் களிமண்ணில் குத்தி வைத்தான் ஒரு கணக்கன்.
அவன் பெயர் புத்தகத்தில் இல்லை.

எனக்கு அவனைத் தெரியும்.
மண் பரிசோதனைக் கூடத்தில்
பதினோரு வருடமாக அதே உத்தியோகம்,
களிமண்ணுக்குப் பதில் கணினி.

இன்று ஒரு மூட்டை,
சிமென்ட் சாக்கைக் கிழித்துக் கட்டியது.
ஒச்சம்மாள். கள்ளிக்குடிப் பக்கம்.
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.
பாசனம் போர்.
முன்பயிர் மிளகாய்.
அடுத்த பயிர் பருத்தி.

பருத்தியில் வந்து பேனா நின்றது.

"மிளகா பிடிக்கலத்தா.
பருத்தின்னா தாக்குப்பிடிக்கும்ல?"

கரைத்தேன். கருவியை இறக்கினேன்.
ஆறு புள்ளி நாலு.
நான் வாய் திறக்குமுன்
ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.
"கரிக்குது. இதுக்கு எதுக்கு மிசினு?"

வடிகால் என்றேன், தக்கைப்பூண்டு என்றேன்,
மழைத்தண்ணீரை வரப்புக்குள் நிறுத்தச் சொன்னேன்.
"மழ பெய்யட்டும், நிறுத்துறேன்."
அவள் கண் மேசையிலிருந்த அட்டைக்குப் போனது.

"எந்தூருக் கோயிலு?"

சொன்னேன், எனக்குத் தெரிந்த அளவில்.
உப்பையும் சொன்னேன்.
கொஞ்சநேரம் கோபுரத்தையே பார்த்தாள்.
"அங்கிட்டு இப்ப வெள்ளாம உண்டா?"

புரட்டினேன்.
அடுத்த பக்கத்தில் புது அரசன்,
தேரில் நின்று வில் வளைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டிருக்கல" என்றேன்.

அட்டையை வாங்கி மடித்து
இடுப்பில் செருகினாள்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்,
மிச்ச மண்ணைக் கேட்டு.
அரைக் கிலோ இருக்கும்.
எதற்கு என்றேன்.

"என் மண்ணுல்ல."