டிக்

காமநாயக்கன்பாளையம் பண்ணை வாசல்,
ராத்திரி ரெண்டு மணி, அறுநூறு கோழி ஏற்றியபின்
சாவியைத் திருகினால்
டிக்.
அவ்வளவுதான்.

பட்டறையில் இருபது தடவையும் எடுக்கிறது.
"ஒண்ணுமில்லீங்களே" என்றார் பொங்கியண்ணன்.
பேட்டரி புதுசு. சோலனாய்டு புதுசு.
மறுபடி டிக்.

மூணாம் வாரம் அவரே ஏறிக்கொண்டார்,
மடியில் மீட்டர்.
வேலந்தாவளம் செக்போஸ்ட் வரிசையில்
இஞ்சின் சூட்டில் வந்தது அது.
ஒரு முனை பேட்டரி மைனசில், மறுமுனை இஞ்சினில்:
நாலு வோல்ட்.
"எர்த்துங்."

போல்ட்டைக் கழற்றினால்
வாஷருக்கு அடியில் பளபளவென்று நீலப் பெயின்ட்.
போன எஃப்.சி.க்கு
நானே அடித்தது, ரெண்டு கோட்டு.
அவர் எதுவும் கேட்கவில்லை,
உப்புத்தாளை என்னிடம் நீட்டினார்.

அப்புறம் ஒருக்காலும் தவறவில்லை.
ஆனாலும்
இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.