கழித்தல் பக்கம்

ஐப்பசி முழுக்க வண்டியை
மேட்டில்தான் நிறுத்தினேன்,
சக்கரத்துக்கு ரெண்டு கல் முட்டுக் கொடுத்து.
காலையில் கல்லை உதைத்து, உருட்டி, கிளட்சை விட்டு,
இரும்பு இருமிக்கொண்டு எழும்வரை
பல்லைக் கடித்திருப்பேன்.
எலச்சிபாளையத்தில் ஒரே ஒரு நாள் சமதரையில் நிறுத்திவிட்டேன்.
நாலு பேர் தள்ளினார்கள்.
ஐந்தாவது ஆள் யோசனை சொன்னார்.

எழுபத்து மூணு மாடல் போர்டு.
என்னைவிட ஆறு வயது மூப்பு.
ஒற்றை விளக்குப் போட்டாலே ஆம்பியர் முள்
கழித்தல் பக்கம் சாயும்,
கடன் கொடுத்தவர் எதிரே வந்தால்
தலை சாய்கிற மாதிரி.

ராய்ப்பூர் பக்கம் போர் ஓட்டப் போன வீட்டுக்காரர்
போனில் கத்தினார், பின்னால் கம்ப்ரஸர் உறும:
"டைனமோ போயிருச்சு பாவாயி. மாத்தீரு."
எண்ணூறு அடிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதென்று
மண்ணைப் பார்த்தே சொல்கிறவர்.
மறுத்துப் பேசவில்லை.

ஆனாலும்
பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினேன்.
அரை அங்குலம் இறங்கியது, சரி.
பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையை
வெந்நீர் ஊற்றிக் கழுவி வேஸலின் தடவினேன்.
டைனமோ முதுகைத் திறந்தால்
கரி ரெண்டும் சுண்டுவிரல் நகமளவு தேய்ந்திருந்தது.
புதுசு, நூற்றி நாற்பது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில்
கறுப்புக்கு அடியில் செம்பு தெரிந்தது.
முள் அசையவில்லை.

திருச்செங்கோட்டில் சீரங்கன்
ஒரு அட்டைப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார்.
"கட்அவுட்டையே மாத்திக்கலாமுங்க. ரெண்டாயிரத்தி எரநூறு."
அன்றைக்குத்தான் மில்லில் என் கிழங்குக்குப்
பாயிண்ட் கம்மி என்று பிடித்திருந்தார்கள்.
வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை.
டைனமோவின் ரெண்டு ஒயரையும் கழற்றிவிட்டு
முனை ரெண்டையும் ஒரே கம்பியில் கட்டி,
ஒரு ஹெட்லைட் பல்பைத் தொட்டுப் பிடித்தேன்.
இன்ஜின் மெல்ல ஓடியது.
பட்டப்பகலில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவில்,
பல்பு வெள்ளையாக எரிந்தது.

ஒரு மாதமாகக் கருமாதி பேசிக்கொண்டிருந்தோம்.
அது உள்ளே உட்கார்ந்து
வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் எங்கே போகிறது?
ஒயரோடு விரலை நடத்திக்கொண்டு போனேன்,
கட்அவுட் பெட்டி வரைக்கும்.
திருகைக் கழற்றித் தூக்கினால்
அடியில் நீலம்.

ஆயுத பூஜைக்கு நான் அடித்த நீலம்.
பெட்டியைக் கழற்றி வைத்து, ரெண்டு கோட்டு,
திருகு ஓட்டைகூட விடாமல்.
"புது வண்டிங்களா?" என்று ஊரே கேட்டதில்
நாலு நாள் கால் தரையில் பாவவில்லை.
பெட்டிக்கும் இரும்புக்கும் நடுவே
வெங்காயத் தோலளவு பெயிண்ட்.
கரண்டு வர வழி இருந்தது,
திரும்ப வழி இல்லை.

மொய் நோட்டு எழுதுகிறவள் நான்.
திருப்பிச் செய்யாத வீட்டுக்கு
அடுத்த சீருக்கு யாரும் கவர் கொண்டு போவதில்லை.
சீரங்கன் வாய்க்கு வாய் எர்த் எர்த் என்பது
இதைத்தானா?

கத்தி முனையால் சுரண்டினேன்,
ஒரு ரூபாய் அகலத்துக்கு இரும்பு வெளுக்கும்வரை.
ஒயர்களை மாட்டித் திருகை இறுக்கி
வண்டியை உருட்டிக் கிளப்பினேன்.
ஆக்சிலேட்டரை இழுத்ததும் பெட்டிக்குள்
பாக்கு வெட்டுகிற சத்தம், ஒரே ஒரு தடவை.
முள் கூட்டல் பக்கம் போய் நின்றது.

"மாத்தீட்டயா?"
"மாத்தலீங்க."
"அப்பறம்?"
பெயிண்ட் என்று சொல்ல வாய் வரவில்லை.
"எர்த்துங்க."
"நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.
கம்ப்ரஸர் உறுமியது. இருக்கட்டும்.

காட்டை ஒரு சால் ஓட்டி முடிப்பதற்குள்
முள் நடுவுக்கு வந்துவிட்டது.
பகீரென்றது.
விளக்கைப் போட்டேன், அணைத்தேன்.
முள் சாயவே இல்லை.
நிறைந்தாலும் அங்கேதான் நிற்குமாம்.
அது எனக்குத் தெரியாது.

அன்றிரவு
வண்டியைச் சமதரையில் நிறுத்தினேன்.
மேட்டிலிருந்த ரெண்டு கல்லையும்
எடுக்கவில்லை.