மைனஸ் ஐந்து

கயானி. இரவு மூன்று மணி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
திரையில் மைனஸ் ஐந்து:
‘வன்பொருள் கோளாறு, -5.’
அவ்வளவுதான்.
இருபத்துநான்கு டிஸ்க்குகள், அத்தனையிலும் பச்சை விளக்கு.
எது, எங்கே, என்ன கேட்டபோது?
மொட்டைக் கடிதாசி.
வேய்க்கோ குத்துமதிப்பாக ஒன்றை உருவினான்.
அது நல்ல டிஸ்க்.

ஓவ்லுவில் ரைசா
எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று
டிரைவரின் வரலாற்றைப் புரட்டினாள்.
பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.
விவாகரத்துக்கு முந்தைய
அவள் பெயர்.

காப்பி ஆறும்வரை சும்மா இருந்தாள்.
பிறகு சேர்த்தாள்:
எந்தத் துளை, என்ன கட்டளை,
எத்தனை மில்லிநொடி காத்திருந்தோம்,
டிஸ்க் கடைசியாகச் சொன்ன எண்,
அலங்காரமில்லாமல், அது சொன்னபடியே.
‘கோளாறு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டாள்.
கோளாறு இல்லாமலா
ஒருவன் இந்நேரத்தில் இதைப் படிக்கிறான்?

அடுத்த பிப்ரவரி.
வேய்க்கோ ஒரு தடவை படித்தான்.
ஏழாம் துளை.
கையுறையைப் பல்லால் கழற்றி,
உருவி, மாற்றி,
விளக்கு பச்சையாகும்வரை நின்றான்.
யாருக்கும் எதுவும் எழுதவில்லை.
பிளாஸ்கில் பட்டாணி சூப்
இன்னும் ஆறியிருக்கவில்லை.