தூர்

விண்டர்தூர்.
ஊரின் பெயரில் முதல் பாதி குளிர்;
அதை வந்த அன்றே கற்றேன்.
தூர் எதுவென்று காட்டியவர்
மூன்றாம் மாடி ஏஷ்லிமான் அம்மா.

மண்சட்டியில், என் தொடையளவு பருத்து,
மஞ்சள் தோல் காகிதமாய் உரிய
குட்டையாய் நின்றது புதர்.
தென்னாப்பிரிக்கப் பாலைக்காரன்.
ஆண்டுக்கு ஒரு விரற்கடை வளருமாம்,
ஆடு கடித்தால் கழுத்து கோணிச் சாகுமாம்.
விழுந்த இலைகள் விட்டுப்போன முண்டுகள்
கிளையெங்கும்.

இடுப்பெலும்பு மாற்றப் போகிறேன் என்று
என்னிடம் தந்துவிட்டுப் போனார்.
சட்டியில் ஒட்டிய சீட்டில்:
மே முதல் செப்டம்பர் வரை நீர் இல்லை.
அடியில் இரண்டு கோடு.

வெளியே லிண்டன் மரங்கள் பச்சையில் திளைக்க,
ஆற்றங்கரையில் ஆட்கள் சட்டை கழற்ற,
இது ஒவ்வொன்றாய் உதிர்த்துக்கொண்டிருந்தது.

நான் இரவில் ரயில் பெட்டி துடைப்பவன்.
பகலில் திரையிழுத்துப் படுத்தால்
யாராவது மணியடிப்பார்கள்.
இந்த வெயிலில் தூக்கமா என்பார்கள்.
அவர்களை வாய்க்குள் வைகிற நானேதான்
ஜூன் பதினொன்று, வெக்கை தாளாமல்,
அதன் காலடியில்
ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன்.
அது கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு கிளை
கனிந்த வாழைப்பழமாய் விரலுக்குள் போனது.
ரொட்டிக் கத்தியை நெருப்பில் காட்டி
நல்ல சதை வரும்வரை அறுத்தேன்:
கறுப்பு, பழுப்பு, பிறகு வெளிர்பச்சை.
வெட்டுவாயில் கறுவாத்தூள் அப்பினேன்.
அன்றிரவு ஒரே பெட்டியை
இருமுறை துடைத்திருக்கிறேன்.

ஜூலையில்
இலையே இல்லாத உச்சியிலிருந்து
ஒரு செங்காம்பு.
எங்கிருந்து எடுத்தது?
மண்ணைத் தொட்டால் செங்கல்லாய்ச் சுட்டது.
நாலைந்து பூ, பச்சையும் சிவப்பும் கலந்து, தலைகுனிந்த மணிகள்.
தண்டை அழுத்திப் பார்த்தேன்.
சற்றே இளகியிருந்தது.
உடம்பிலிருந்து கொடுத்திருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் ஊன்றுகோலோடு வந்தவர்
வெட்டுத் தழும்பை விரலால் தடவினார்.
"எத்தனை கோப்பை?"
"ஒன்று."
"நான் முதல் வருஷம் மூன்று" என்றார்.
"அது வேறு செடி."

அக்டோபர். வெந்நீர்க் குழாய்கள் முனகத் தொடங்கி,
ரயிலடித் தெருவில் மரங்கள் கொட்டும் வாரம்.
பிற்பகல் இரண்டு மணி, நடுத்தூக்கத்தில்
கதவில் மணி.

நீர்க்குவளையோடு நின்றார் ஏஷ்லிமான் அம்மா:
"வா. நுனியில் மிளகளவு பச்சை.
நீயே ஊற்று."

செருப்பைத் தேடினேன்.
வையவில்லை.