சொட்டு நீலம்

டேங்க் நிரம்பும்.
நின்றுவிட்டது போல இருக்கும்.
பிறகு அடியில் எங்கோ ஒரு இழை அறுந்து
மறுபடி தொடங்கும்.
பதினொரு நிமிஷத்துக்கு ஒரு தரம்.
மேலப்பாளையம் பீடிக் கம்பெனியில்
பகல் முழுக்கக் கட்டு எண்ணுகிறவள் நான்.
ராத்திரியும் எண்ண வேண்டியதாயிற்று.

பக்கத்தில் இவர்.
தூங்குகிற மூச்சு எனக்குத் தெரியும்,
இது அதில்லை.
பூலுடையான் வாங்கின கடனுக்கு
என்னிடம் சொல்லாமல் ஜாமீன் போட்டு,
'வெயிலுமுத்து, ஜாமீன்தாரர்' என்று
நோட்டீஸ் என் கைக்கு வந்த நாளிலிருந்து
ஒன்பது நாள். ஒரு வார்த்தை இல்லை.
சாப்பாட்டுத் தட்டைக்கூடச்
சத்தமில்லாமல் வைக்கப் பழகியிருந்தோம்.
வீட்டில் பேசிக்கொண்டிருந்தது
கக்கூஸ் மட்டும்தான்.

கீழ்வீட்டு ஜெபக்கனி படியில் நின்று கத்தினாள்:
"ஆத்துல தண்ணி ஓடுதுன்னா
உங்க வீட்டுலயும் ஓடணுமாக்கும்?
மோட்டார் போட்டுப் போட்டு
கரண்டு பில்லு எங்க தலையிலல்லா விடியுது!"

மூடியைத் தூக்கிப் பார்த்தேன்.
மிதவைதான் கோளாறு என்று
திருகை இரண்டு சுற்று இறக்கினேன்.
தண்ணீர் மட்டம் தாழ்ந்தது.
சத்தம் தாழவில்லை.

கம்பெனியில் ஜுலைகா சொன்னாள்,
இலை வெட்டிக்கொண்டே, நிமிராமல்:
"டேங்குல நீலத்த விட்டுப் பாரு.
பத்து நிமிஷம் யாரும் அமுக்கக் கூடாது.
கோப்பையில நீலம் எறங்குச்சுன்னா
அடி வாசர் போச்சுன்னு அர்த்தம்."

இவர் வேட்டிக்கு வாங்கின சொட்டு நீலம்.
நாலு சொட்டுப் போதும்.
வேட்டிக்காரர் மேல் இருந்த கோபத்தில்
கால் பாட்டில் போய்விட்டது.
பத்து நிமிஷம் என்று தலையைச் சாய்த்தவள்
நாலே முக்கால் வரை தூங்கிப்போனேன்.

விளக்கு எரிந்தது.
வேட்டியைப் பிடித்தபடி நிற்கிறார்.
"ஏட்டி."
ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் சொல்.
"எனக்குப் பச்சையா போவுதுட்டி."

போன மாசம்தான் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
சுகர் இருக்கிறதென்று எழுதிக் கொடுத்தார்கள்.
முகத்தில் ரத்தமே இல்லை.
மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்னவென்று
இரண்டாம் வகுப்பில் படித்திருப்பார்,
அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்.
உடனே சொல்லியிருக்கலாம்.
"எத்தன நாளா?" என்று கேட்டேன்.
என்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்துக்கு
அரை நிமிஷம்.
கணக்குத் தீரவில்லை, ஆனாலும்.
அதற்குள் சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

பழைய வாசரை டிபன் டப்பாவில் போட்டு
வண்ணார்பேட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன்.
ஓரம் நெளிந்து, நீலம் ஊறி,
தொட்டால் கையோடு கரைந்து வந்தது.
கடைக்காரர் ஆணியில் தொங்கினதில் ஒன்றைக் கழற்றி
நாற்பது ரூபாய் என்றார்.
இரண்டு தரம் கேட்டேன்.
நாற்பதுதானாம்.

சாயங்காலம் இவர் டார்ச் பிடித்தார்.
நான் முழங்கை வரை உள்ளே விட்டிருந்தேன்.
"இங்கன காட்டுங்க."
"காட்டிட்டுத்தான இருக்கேன்."
"அது செவரு. அடியில காட்டுங்க."
முதலில் தலைகீழாக மாட்டி,
திரும்பக் கழற்றி மாட்டினோம்.
சட்டையெல்லாம் ஈரம்.
நோட்டீஸைப் பற்றி
அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ராத்திரி.
டேங்க் நிரம்பியது.
பதினொரு நிமிஷம் ஆயிற்று.
இருபத்திரண்டு.
"நின்னுட்டு," என்றார் இருட்டில்.
"ம்."
கொஞ்சம் பொறுத்து,
"பூலுடையான் நாளைக்கு வாரேன்னான்."
"வரட்டும். நானும் இருப்பேன்."
பதில் இல்லை. ஆனால் இது வேறு மாதிரி இல்லை.

நகக்கண்ணில் நீலம் போகவில்லை.
எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல்
தூக்கம் வர நேரமாயிற்று.